ஓ.பி. வரிசை கலையாமல் ஆய்வு நடத்துவது எப்படி?

காலை எட்டரை மணிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவர்கள். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "மாத்திரை என்னமோ சும்மாதாம்மா குடுக்கறாங்க. ஆனா அத வாங்க வர்ற அன்னிக்கு நூறு நாள் வேல போயிடுதே."

30 மாத்திரைக்கு ஒரு நாள் கூலி. மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால் என்ன? விட்டு விட்டுச் சாப்பிடாமல் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? இல்லை, மாதாமாதம் பி.பி. பார்க்கிற வாய்ப்பும் போய், ஏறியது தெரியாமலே இருந்துவிடுவார்களா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பேசித் தீர்க்க முடியாது, நடத்திப் பார்த்தால்தான் தெரியும். எந்த மருந்துக் கம்பெனிக்கும் இந்தக் கேள்வியில் லாபமில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

இப்படி, அன்றாடம் வைத்தியம் நடக்கும் இடத்திலேயே, அங்கே வேலை செய்பவர்களைக் கொண்டே, வழக்கமாக வரும் நோயாளிகளிடமே இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதை பிராக்மாடிக் ட்ரையல் என்பார்கள். நான் நடைமுறை ஆய்வு என்று சொல்லப் போகிறேன். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் இந்த வேலையில் அலைந்தவள் நான். சமூக மருத்துவம் படிக்க வந்தவர்கள், முதல்முறை புராஜெக்டில் சேர்ந்தவர்கள், ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாத மருத்துவ அலுவலர்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். மேலே சொன்ன மூன்று மாத மாத்திரைக் கேள்வியையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில்: எந்த மாதிரி ஆய்வு என்று முடிவு செய்யுங்கள்

1967இலேயே ஷ்வார்ட்ஸ், லெலூஷ் என்ற இரண்டு பிரெஞ்சுப் புள்ளியியலாளர்கள் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு மருந்து உடம்புக்குள் வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கிற இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கட்டுப்பாடு வேண்டும்: வேறு நோய் இல்லாதவர், சொன்ன தேதிக்கு வருபவர், மாத்திரையை எண்ணிச் சாப்பிடுபவர். இரண்டாவதற்கு அப்படிப் பொறுக்கி எடுத்தால் விடையே கெட்டுவிடும். 70 வயதில் சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்து இருப்பவர்தான் நம் ஓ.பி.யில் நிற்கிறார். அவரை விலக்கிவிட்டு வரும் முடிவு அவருக்கு எப்படி உதவும்?

உங்கள் திட்டம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க ப்ரீசிஸ்-2 என்ற கருவி 2015இல் வந்தது. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; 5 என்றால் முழுக்க நடைமுறைப் பக்கம். யாரைச் சேர்க்கிறீர்கள், எப்படி அழைக்கிறீர்கள், எந்த இடத்தில் நடக்கிறது, கூடுதல் ஆளும் வசதியும் எவ்வளவு, வைத்தியம் செய்பவருக்கு எவ்வளவு சுதந்திரம், நோயாளிக்கு எவ்வளவு சுதந்திரம், எத்தனை முறை பின்தொடர்கிறீர்கள், எதை முடிவாக அளக்கிறீர்கள், யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறீர்கள். எல்லாவற்றிலும் 5 வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கே 3 வாங்கினாலும் ஏன் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

எளிமையின் பலம் தெரிய வேண்டுமானால், கொரோனாவுக்கு எந்த மருந்து உதவும் என்று பார்க்க பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வைப் பாருங்கள். 2020 மார்ச்சில் தொடங்கினார்கள். சாதாரண அரசு மருத்துவமனைகளின் வார்டுகளிலேயே நடந்தது. பின்தொடர்தலுக்கு ஒரே ஒரு ஆன்லைன் படிவம்: டிஸ்சார்ஜ், இறப்பு, 28ஆம் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது நிரப்ப வேண்டும். ஜூன் 16ஆம் தேதி விடை வந்துவிட்டது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பெற்ற 2,104 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 22.9 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரில் 25.7 சதவீதம். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது, 29.3க்கு 41.4. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கூடக் கிடைக்கும் பழைய, மலிவான மருந்து அது. படிவம் 40 பக்கமாக இருந்திருந்தால் அத்தனை வார்டுகளில் அத்தனை பேரை யார் சேர்த்திருப்பார்கள்?

எதையும் எழுதுவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் ஆய்வு அங்கிருக்கும் சிஸ்டரின் வேலை நாளுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நடைமுறை ஆய்வு ஆகாது.

நான் வேலை செய்த ஒரு ஆய்வில் ஆளுக்கு 7 பக்கப் படிவம் வைத்திருந்தோம். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, தவறு அவர்களுடையதும் இல்லை. ஒரு நாள் மாலை நாலு மணிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். ஓ.பி. முடிந்து மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் காலையில் வந்த 22 பேரின் படிவங்களை வரிசையாக அடுக்கி வைத்து, ஒரே பேனாவால், ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மேடம், காலையில ஊசி போடணும், பி.பி. பாக்கணும், ஆன்லைன்ல ஏத்தணும். இத எப்ப எழுதறது, நீங்களே சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் படிவத்தை அரைப் பக்கமாகக் குறைத்தோம். அதற்குள் மூன்று மாதத் தரவு போயிருந்தது.

ஆகவே ஒரு வாரம் போய் உட்காருங்கள். சீட்டு எங்கே போடுகிறார்கள், பி.பி. யார் பார்க்கிறார்கள், ரெஜிஸ்டரில் எந்தக் கட்டம் எப்போதும் காலியாகவே இருக்கிறது, மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருப்பதால், சிலருக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் ஏற்பாடு வேறு. எனவே 'வழக்கமான சிகிச்சை' என்று திட்டத்தில் இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டுப் போக முடியாது. யாருக்கு, எங்கே, எத்தனை நாள் மாத்திரை என்று நிலையம் நிலையமாக எழுதுங்கள். ஒப்பிடப் போவது அதனோடுதான்.

குலுக்கல்: ஆளையா, நிலையத்தையா?

யாருக்கு மூன்று மாதம், யாருக்குப் பழையபடி என்பதை நாம் பொறுக்கக் கூடாது, குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒரே வரிசையில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு மூன்று அட்டை, இன்னொருவருக்கு ஒன்பது அட்டை கொடுத்துப் பாருங்கள். "ஏம்மா, அவருக்கு மட்டும் ஏன் அவ்ளோ? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்ற கேள்வி அங்கேயே வரும். வீட்டுக்குப் போய்ப் பங்கு பிரித்துக்கொள்வதும் நடக்கும். அதனால் இந்த மாதிரிக் கேள்விக்கு நிலையத்தையே ஒரு அலகாக வைத்துக் குலுக்குவது நல்லது. ஒரு நிலையத்தில் தகுதியுள்ள எல்லோருக்கும் மூன்று மாதம், இன்னொரு நிலையத்தில் எல்லோருக்கும் பழையபடி.

இதற்கு விலை உண்டு. ஒரே நிலையத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள்: அதே டாக்டர், அதே தண்ணீர், அதே உப்பு. ஆகவே 50 பேரைப் பார்த்தாலும் 50 பேருக்கான தகவல் கிடைக்காது. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இப்போது 40 சதவீதம் பேருக்கு பி.பி. 140/90க்குள் இருக்கிறது, அது 50 ஆனால் பிரயோஜனம் என்று வைத்துக்கொள்வோம். ஆளை ஆளாகக் குலுக்கினால், வழக்கமான 80 சதவீதத் திறனுக்கும் (இருக்கிற வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை வரம்புக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), புது முறை, பழைய முறை என்ற இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 385 பேர் போதும். நிலையத்தைக் குலுக்கும்போது, நிலையத்துக்கு 50 பேர், அவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதன் அளவு 0.02 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + (49 × 0.02), அதாவது 1.98. கிட்டத்தட்ட இரட்டிப்பு. பக்கத்துக்கு 760 பேருக்குமேல், ஆக 16 நிலையங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 32. ஒரு நிலையத்தில் 100 பேரைப் பார்த்தாலும் நிலையங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடாது, ஒரு பக்கத்துக்கு 16 என்பது 12தான் ஆகும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஆட்களைக் கூட்டுவதைவிட நிலையங்களைக் கூட்டுவதே உதவும்.

குலுக்கலைப் பகிரங்கமாகச் செய்யுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை படித்த ஊர் நம்முடையது. குலுக்கலின் நியாயம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எந்த நிலையத்துக்கு எந்த முறை என்று சொல்லும், இரண்டு பக்கமும் சமநிலையாக இருக்கும் 1,000 பட்டியல்களைப் புள்ளியியலாளர் முன்கூட்டியே கணினியில் தயாரித்து, 000 முதல் 999 வரை எண் போட்டு வைக்கட்டும். எல்லா நிலையங்களின் மருத்துவ அலுவலர்களையும் கூட்டி, பத்துச் சீட்டு போட்ட குடத்திலிருந்து மூன்று பேரை ஒவ்வொரு இலக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பக் குடத்தில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். "எங்களுக்கு ஏன் பழைய முறை விழுந்தது" என்று பின்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒரு முக்கியமான கண்டிஷன்: பின்னால் அளக்கப் போகும் 50 பேரின் பெயரை, குலுக்கலுக்கு முன்பே ரெஜிஸ்டரிலிருந்து சீட்டுப் போட்டு எடுத்து, ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். குலுக்கிய பிறகு எடுத்தால், மூன்று மாதம் கிடைக்கும் இடத்தில் எல்லோரும் வருவார்கள், மற்ற இடத்தில் வர மாட்டார்கள். இரண்டு குழுவும் அங்கேயே வேறாகிவிடும்.

எல்லைக்கோட்டைப் படத்தில் பாருங்கள்

கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் ரெட்டிச்சாவடி. டீ குடிக்கிற நேரத்தில் யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு வந்துவிடுகிறது. பாகூர் பக்கம் இரண்டின் கிராமங்களும் பல்லாங்குழிக் குழி மாதிரி மாறி மாறிக் கிடக்கின்றன. ஜனங்களுக்கு இந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. இந்தப் பக்கம் மாத்திரை, அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனை, பெரிதாக ஏதாவது வந்தால் கோரிமேடு ஜிப்மர். ஆய்வுக்கு மட்டும் அது பெரிய கோடு: இரண்டு அரசு, இரண்டு மருந்துக் கொள்முதல், இரண்டு விதமான ரெஜிஸ்டர். இரண்டு பக்கத்தையும் சேர்ப்பதானால் குலுக்கலைத் தனித்தனியாக நடத்துங்கள். எல்லையோரக் கிராமங்களில் "வேறு எங்கிருந்தும் மாத்திரை வாங்குகிறீர்களா" என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். முதல் ஆய்வு என்றால் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே என் யோசனை.

அனுமதிகள்

இது சலிப்பான பகுதிதான், ஆனால் வரிசை தவறினால் ஆறு மாதம் போகும். பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியை முழுதாகப் படித்துவிட்டே விண்ணப்பம் எழுதுங்கள். மாவட்ட சுகாதார அலுவலரோ மருத்துவ அலுவலரோ நிலையத்துக்குச் சம்மதம் தரலாம். அது நோயாளியின் சம்மதம் ஆகாது. வீட்டுக்குப் போய் பி.பி. பார்க்கவும், ரெஜிஸ்டர் விவரத்தை எடுக்கவும் அவரிடமே கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை அவர் பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'தன்னிச்சையான பங்கேற்பு' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'இஷ்டமிருந்தால் சேரலாம், வேண்டாமென்றால் எப்போதும்போல மாத்திரை கிடைக்கும்' என்று எழுதினால் புரியும்.

நம் எடுத்துக்காட்டில் மருந்து பழையது, நோயும் அதற்கு ஏற்கனவே அனுமதிக்கப்பட்டதுதான், கொடுக்கும் நாள் கணக்கு மட்டுமே மாறுகிறது. புது நோய்க்கோ புது அளவிலோ மருந்தைக் கொடுக்கப் போவதானால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளைப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வு எந்த வகையில் விழுகிறது என்பதை நெறிமுறைக் குழுச் செயலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பணம் வருகிறதென்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். அடுத்து சி.டி.ஆர்.ஐ. பதிவு: மருத்துவ ஆய்வுகளுக்காக 2007இல் தொடங்கிய தேசியப் பதிவேடு, கட்டணமில்லை. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் வந்தால்தான் பதிவு செய்வார்கள்.

மாத்திரைக் கணக்கு

ஃபார்மசிஸ்ட்டைத் திட்டக் கூட்டத்துக்கு அழைக்காத ஆய்வு பாதியில் நிற்கும். நிலையத்தில் 300 பேர், ஆளுக்கு நாளைக்கு ஒரு மாத்திரை என்றால் மாதம் 9,000. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் மூன்று மாத மருந்து கொடுத்தால் 27,000 போய்விடும், அலமாரி காலி. அதற்குப் பதிலாக மூன்று பிரிவாகப் பிரியுங்கள். முதல் மாதம் 100 பேருக்கு 90 நாள், மீதிப் பேருக்கு 30 நாள்: 15,000. இரண்டாம் மாதம் அடுத்த 100 பேர்: 12,000. மூன்றாம் மாதத்திலிருந்து பழையபடி 9,000. ஆக மொத்தம் கூடுதலாகத் தேவைப்படுவது 9,000 மாத்திரை. இண்டென்ட் (மருந்துக் கோரிக்கைப் பட்டியல்) போடும்போதே இதைச் சேர்த்துக் கேட்க வேண்டும், காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும்.

பி.பி. இன்னும் கட்டுக்குள் வராதவர், மருந்து அளவு மாற்றிக்கொண்டிருப்பவர், இவர்களை மாதாமாதம் வரச் சொல்லும் உரிமை டாக்டருக்கு இருக்கட்டும். அதைத் தடுத்தால் ஆபத்து, தடுக்கத் தேவையும் இல்லை. அவர்களையும் அவர்களுக்கு விழுந்த பக்கத்திலேயே வைத்துக் கணக்கிடுங்கள். நாளை அரசு இந்த முறையை ஏற்றால் டாக்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அளப்பது

ரெஜிஸ்டரைத் திறந்து ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே படியுங்கள். 130/80, 140/90, 130/80, 120/80, 140/80. எல்லாம் பூஜ்யத்தில் முடிகிறது. மனித ரத்தம் பத்துப் பத்தாகத் துடிப்பதில்லை. வரிசை நீளமாக இருக்கும்போது கண் தோராயமாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். பழக்கமான நோயாளிக்கு 142 வந்தால் 140 என்று எழுதிவிடுகிறது கை. நம் கோடு 140இல் நிற்பதால் அந்த இரண்டு புள்ளி முடிவையே புரட்டிவிடும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. பழைய முறையில் வருடத்துக்கு 12 தடவை வருகிறார், புது முறையில் 4 தடவை. ரெஜிஸ்டரில் இருக்கும் கடைசி அளவை எடுத்தால், ஒரு பக்கம் போன மாதத்தது, இன்னொரு பக்கம் இரண்டரை மாதம் பழையது. வராமல் நின்றுவிட்டவர்கள் இரண்டிலும் காணாமல் போகிறார்கள். ஆகவே இந்த ஆய்வில் முடிவு அளவை மட்டும் ரெஜிஸ்டரை நம்பாமல் எடுங்கள். 12ஆம் மாதம் அந்த 50 பேரின் வீட்டுக்கும் போக வேண்டும், வந்தவர் வராதவர் எல்லோருக்கும். தானாக அளக்கும் கருவி, அஞ்சு நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில், இரண்டு தடவை. போகிறவருக்கு எந்த நிலையம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தால் நல்லது. ப்ரீசிஸ்-2இல் இதனால் ஒரு மதிப்பெண் குறையும், குறையட்டும். மற்ற விவரங்களுக்கு ரெஜிஸ்டரே போதும்.

வீட்டில் மாத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். வேறு எங்கும் கிடைக்காத செய்தி அங்கே கிடைக்கும். ஒரு வீட்டில் பேத்தி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பி.பி.யும் சுகரும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தார் பாட்டி. கணக்குக்குக் குறைவாக இருந்தது. கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நெல்லிக்குப்பத்துல தங்கச்சி இருக்குது. அதுக்கும் பிரஷர்தான். ரெண்டு அட்ட குடுத்தேன்" என்றார். கையில் நிறைய இருந்தால் பகிர்வார்கள் என்று எங்கள் திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. இப்போது நான் எந்தத் திட்டம் எழுதினாலும் இருக்கும்.

நாட்காட்டி

முடிவு அளவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2024 நவம்பர் 30 'ஃபெஞ்சல்' புயல், இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. புயல் வரும் வாரத்தில் ரோடும் இருக்காது, நிலையத்து ஆட்கள் முகாம் வேலையில் இருப்பார்கள், நாம் அவர்களைத் தொந்தரவு செய்யவும் கூடாது. தேவனாம்பட்டினம் மாதிரி மீனவர் ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், போய்ப் பார்க்க அதுவே நல்ல நேரம். அதே நாட்களில் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய்விடுவார்கள், அங்கே மாலையில்தான் ஆள் கிடைப்பார். எந்தப் பருவத்தை எடுத்தாலும் இரண்டு பக்க நிலையங்களுக்கும் ஒரே பருவம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பி.பி.யே வெயிலுக்கும் குளிருக்கும் மாறும்.

தொடங்குவதற்கு முன் முடிவைப் பேசுங்கள்

32 நிலையங்களில் இறங்குமுன் இரண்டில் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். இறப்பு, ஆஸ்பத்திரி அட்மிஷன், மயக்கம், இவற்றை யார் யாருக்கு எத்தனை நாளில் சொல்வது என்று சுவரில் ஒட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். விடை எப்படி வந்தாலும் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில், ஒரே பக்கத்தில், தமிழில் சொல்லுவதாக முன்பே வாக்குக் கொடுங்கள். பழைய முறை விழுந்த நிலையங்களையும் அழையுங்கள். பாதி விடை அவர்களுடையது.

13ஆம் மாதம் ஒன்று வரும். உங்கள் புராஜெக்ட் முடிந்திருக்கும், பணம் நின்றிருக்கும், விடை இன்னும் கணக்கில் இருக்கும். மஞ்சப்பையோடு ஒருவர் ஜன்னலுக்கு வந்து, "மூணு மாசத்துக்குத்தானே குடுப்பீங்க?" என்று கேட்பார். அப்போது ஃபார்மசிஸ்ட் எத்தனை அட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதை, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, மாவட்ட அலுவலகத்தில் கையெழுத்தோடு வாங்கி அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.